பாப்பா காசு

காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், சார். நடுவில் விரல் வைத்தால் ரேகை பதிந்துவிடும். அப்புறம் அதை எடுக்க முடியாது. நாணயம் சேர்க்கிறவன் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். எனக்கு மட்டும் இதில் ஒரு சலுகை உண்டு. என் விரல்களில் ரேகை கிடையாது. எட்டு வயதில் பண்ருட்டிப் பக்கம் அம்மாவோடு முந்திரிக்கொட்டை உடைக்க உட்கார்ந்தவன் நான். கொட்டைப் பால் பட்டுத் தோல் உரிந்தது. மீதியைச் சிமெண்ட் தின்றுவிட்டது. நேற்று உங்கள் ரைட்டர் என் பத்து விரலையும் மையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "என்னய்யா, வெறும் வட்டமா வுழுது" என்று அலுத்துக்கொண்டார். நான் கொஞ்சம் பெருமையோடுதான் கையை நீட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடி போலப் பளபளக்கும் வெள்ளிக்காசை வெறுங்கையால் தூக்கிப் பார்க்கக்கூடிய ஆள் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான். படிப்பு, சொத்து, தோற்றம் எதிலும் தேறாதவனுக்குக் கடவுள் கொடுத்த ஒரே தகுதி அது.

பெயர் ஜேக்கப். கடலூர் முதுநகர். வேலை கொத்து வேலை. சேர்ப்பது சீன நாட்டு நினைவு நாணயங்களும் பதக்கங்களும். எழுதும்போது சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். என் மனைவி ஆரோக்கிய ராணி இரண்டு வருஷம் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பதை நிறுத்தினாள். "ஊர்ல அவனவன் பொம்பள வச்சிருக்கான், நீ கரடி வச்சிருக்க" என்றாள் ஒருநாள். அவள் சொன்னது பாண்டா கரடியை. சீனர்கள் வருஷா வருஷம் ஒரு வெள்ளி நாணயம் அடிப்பார்கள். ஒரு பக்கம் வட்டக் கோபுரம் வைத்த ஒரு கோயில். மறுபக்கம் கரடி. கோயில் மாறாது. கரடி மட்டும் வருஷத்துக்கு ஒரு மாதிரி மூங்கில் தின்னும், உருளும், உட்காரும். ஒரு வருஷத்துக் கரடி இருந்தால் அடுத்த வருஷத்துக் கரடி இல்லாமல் இருக்க முடியாது. இந்த நோயைப் பற்றி இதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

ஆரம்பித்தது 2008-ல். இங்கே ஒரு தொழிற்சாலையில் மெஷின் மாட்ட வந்த சீனக்காரர்களுக்குத் தங்க இடம் கட்டினோம். கக்கூஸுக்கு டைல்ஸ் ஒட்டியது நான். கடைசிவரை ஒழுகவில்லை. அந்தச் சந்தோஷத்தில், ஊருக்குப் புறப்படும்போது ஓர் இன்ஜினியர் ஒரு பித்தளைப் பதக்கத்தை என் கையில் வைத்தார். அந்த வருஷத்து ஒலிம்பிக்குக்காக அடித்தது. உள்ளங்கை அகலம், நல்ல கனம். கல் சுமக்கிறவனுக்குக் கனம் என்றால் எப்போது இறக்கி வைக்கலாம் என்பதுதான் யோசனை. வைத்துக்கொள்வதற்கென்று ஒரு கனத்தை அதுவரை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தேன். எழுத்து சீன எழுத்து. ஆறு மாதம் அது தலைகீழாக நின்றுகொண்டிருந்தது.

அதை நேராக்கிக் கொடுத்தவன் கொளஞ்சியப்பன். சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பக்கத்துச் சந்தில் வாட்ச் ரிப்பேர் கடை. பின்னால் வீடு. அவனிடம் சீனக்காசு இருக்கிறது என்று யாரோ சொல்லி, பதக்கத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தான். மெதுவாகத் திருப்பி வைத்தான். "இத்தினி நாளா தலைகீழா நிக்க வச்சிருந்தியா மச்சான்" என்றான். முதல் சந்திப்பிலேயே மச்சான். எங்களுக்குள் சாதி வேறு, மதம் வேறு. இரண்டு பேருக்கும் இந்தப் பைத்தியம் பொது. அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிதம்பரம் போய்விடுவேன். நாங்களே ஒரு சங்கம் வைத்துக்கொண்டோம். அவன் தலைவர், நான் செயலாளர். உறுப்பினர் யாரும் கிடையாது. தேர்தல் தகராறே வராத ஒரே சங்கம்.

அவனிடம் இருந்த காசுகளில் ஒன்றை மட்டும் அவன் ஆல்பத்தில் வைக்கவில்லை. சாமி மாடத்தில், ஒரு சிறு பெண்ணின் போட்டோவுக்கு முன்னால் வைத்திருந்தான். 2004-ம் வருஷத்துப் பாண்டா. தாயும் குட்டியும்.

போட்டோவில் இருந்தது அவன் மகள் மாலதி. ஆறு வயது. அந்த வருஷம் அரைப் பரீட்சை லீவுக்குக் கிள்ளைப் பக்கம் ஒரு திட்டில் இருந்த மாமன் வீட்டுக்குப் போயிருந்தாள். டிசம்பர் இருபத்தாறு காலையில் கடல் வந்தது. நான்காம் நாள் பிச்சாவரம் காட்டுக்குள் கிடைத்தாள். நிவாரண வேலைக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு சீனத்து அம்மாள், கொளஞ்சியப்பனும் அவன் மனைவி மலர்க்கொடியும் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, தன் பையிலிருந்த அந்தக் காசை எடுத்து மலர்க்கொடி கையில் வைத்து மூடிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அதற்குப் பெயர் பாப்பா காசு. கொளஞ்சியப்பன் மற்ற வருஷத்துக் காசுகளைத் தேட ஆரம்பித்ததே பாப்பா காசுக்குத் துணை வேண்டும் என்றுதான்.

இங்கேதான் சார் நீங்கள் கவனிக்க வேண்டும். அவன் சேர்ப்பவன் அல்ல. அவனுக்கு அது மகள். எனக்கு அது 2004. என் ஆல்பத்தில் 2001 முதல் எல்லாம் இருந்தன. 2004 இடம் மட்டும் முன்பல் விழுந்த வாய் போல இருந்தது. சென்னையில் நான் வாங்கும் நாணயக்காரரிடம் கேட்டால் வரும், வரும் என்பார். மற்ற வருஷமெல்லாம் வரும், அது வராது.

2009 டிசம்பர் இருபத்தாறு அன்று நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். கரையோரத்தில் எல்லோரும் அன்றைக்குக் கடலில் பால் ஊற்றுவார்கள். மலர்க்கொடி கடலுக்குப் போக மாட்டாள். வீட்டிலேயே, ஒரு தட்டில் பாப்பா காசை வைத்துப் பால் ஊற்றினாள். பிறகு பூசைச் சாமான் தேய்ப்பது போல விபூதியை ஈரத்தில் குழைத்து, கட்டைவிரலால் கரகரவென்று தேய்த்தாள். பிறகு சந்தனம், குங்குமம். ஐந்து வருஷமாக இப்படி. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் காசு நாணயச் சாலையிலேயே ஒட்டின பிளாஸ்டிக் உறையில் வந்தது. அதைப் பிரித்தாலே பாதி உயிர் போய்விடும். அவள் பிரித்தது மட்டுமில்லை, பிளேடால் கீறும்போது குட்டியின் காதுக்கு மேல் ஒரு கோடும் போட்டிருந்தாள். உறையை ஏன் பிரித்தாய் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அடச்சி வச்சா புள்ளைக்கு மூச்சு முட்டாதாண்ணே" என்றாள்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. குழந்தையை நினைத்து என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த வார்த்தைதான் மனதில் வந்தது, அதனால் அதையே எழுதிக்கொள்ளுங்கள். சென்னை ஆளிடம் நகல்கள் கிடைக்கும், சீனாவிலேயே அடித்தது. பித்தளை மேல் வெள்ளி முலாம். 2004 நகல் ஒன்று வாங்கினேன். குட்டியின் காதுக்கு மேல் காம்பஸ் முனையால் அதே கோட்டைப் போட்டேன். எழுத்துகளின் பள்ளத்தில் கொஞ்சம் குங்குமம் இழைத்தேன். மறு ஆனியில் திருமஞ்சனத் தேர் பார்க்கப் புருஷனும் பெண்டாட்டியும் போனார்கள். கூட்டம் எனக்கு ஆகாது, கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் இருந்துகொண்டேன். மாடத்தில் மாற்றி வைக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. போட்டோவில் இருந்த பெண் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் காசை விளிம்பில்தான் பிடித்தேன்.

என் அறிவை இங்கே நீங்கள் மெச்ச வேண்டும். விபூதியில் தேய்க்கிறாள் என்பதற்காகத்தான் அசலை எடுத்தேன். அந்த இடத்தில் முலாம் பூசிய பித்தளையை வைத்துவிட்டு வந்தேன். முப்பது வருஷமாக எந்தச் சாந்து எத்தனை மழைக்குத் தாங்கும் என்று மனக்கணக்குப் போடுகிறவன். முலாம் எத்தனை தேய்ப்புக்குத் தாங்கும் என்று யோசிக்கவில்லை.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். பெருமை தாங்கவில்லை. சென்னையில் எனக்கும் ஒரு 2004 கிடைத்துவிட்டது என்று கொளஞ்சியப்பனிடமே சொன்னேன். அவன் சந்தோஷப்பட்டான். கொண்டுவந்து காட்டு, பாப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றான். ஒவ்வொரு மாதமும் மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம், இருட்டுகிற நேரத்தில் அவன் என் வீட்டுக்கு வந்தான். புயல் வரப்போகிறது என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்த நாள். என் மனைவி கிறிஸ்துமஸுக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் அவள் அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தான். நான் வைத்த நகல்தான். தாய்க்கரடியின் முதுகும் குட்டியின் வயிறும் பித்தளையாக மஞ்சள் பூத்திருந்தன.

"மச்சான், பாப்பா காசு மஞ்சளாயிடுச்சு" என்றான். "மலருக்குத் தெரியாது. தெரிஞ்சா அது தாங்காது."

அந்த வருஷம் மலர்க்கொடிக்குக் காய்ச்சல் என்பதால் அவனே தேய்த்திருக்கிறான். அவனுக்கு என்மேல் சந்தேகமே இல்லை, சார். அதுதான் கஷ்டம். சிங்கப்பூர் அம்மாளே ஏமாந்திருப்பார் என்று அவருக்காகப் பரிதாபப்பட்டான். ஏழு வருஷம் கும்பிட்டது பொய்க்காசா என்று தெரிந்தால் போதும் என்றான். வெள்ளியிலேயே இப்படி ஒரு நிறம் வருமோ என்று ஒரு நப்பாசையும் இருந்தது. அதற்கு அசல் 2004 ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவனுக்குத் தெரிந்து அது இருக்கிற ஒரே இடம் என் வீடு. கண்ணில் மாட்டுகிற லென்ஸையும் கொண்டுவந்திருந்தான்.

கரண்ட் போய்விட்டது. விளக்கு வெளிச்சத்தில் நிறம் தெரியாது, காலையில் பார்க்கலாம் என்றேன். பஸ்ஸும் நின்றுவிட்டதால் தங்கினான். என் ஆல்பத்தில் குட்டியின் காதுக்கு மேல் கோடு போட்ட ஒரு 2004 இருந்தது. அவன் வாட்ச் ரிப்பேர்காரன். தலைமுடியில் பாதி கனமான ஸ்பிரிங்கைப் பிடித்து மாட்டுகிறவன். ஒரு பார்வை போதும்.

விடியும்போது புயல் ஏறிவிட்டது. முன்னறை நான் முறையாகக் கட்டியது, ஒன்பது இஞ்சுச் சுவர், காங்கிரீட் மேல்தளம். பின்னறை அப்படியல்ல. ஊரார் வீட்டில் மிஞ்சிய செங்கல்லை வைத்து, மண் சாந்தில், நாலரை இஞ்சில் எழுப்பியது. தூண் கிடையாது. மேலே ஷீட். அடுத்தவனுக்கு அப்படிக் கட்டினால் செருப்பால் அடிப்பான். எனக்கென்று கட்டியதால் யாரும் கேட்கவில்லை. அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பழக்க தோஷம், தூக்குக்குண்டை எடுத்து ஆணியில் தொங்கவிட்டும் பார்த்தேன். மேலே ஒன்றரை இஞ்சு உள்ளே சாய்ந்து போயிருந்தது. அவ்வளவு போன நாலரை இஞ்சுச் சுவர் நிற்காது. அடுத்த பெரிய காற்றுக்கோ அதற்கடுத்த காற்றுக்கோ உள்பக்கம் விழும். நான் முன்னறைக்கு வந்து கதவை ஒருக்களித்தேன்.

கொளஞ்சியப்பன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெளிச்சம் வந்துடுச்சு மச்சான். எடு, பாத்துடலாம்" என்றான்.

"பின்னால ரூமுல இருக்கு. டிரங்குப் பெட்டியில. நீயே போயி எடு" என்றேன்.

ஆல்பம் என் சட்டைக்குள், வயிற்றோடு இருந்தது.

அவன் போனான். போகும்போது, இந்தக் காற்றில் உன் வீடு தாங்குமா என்று கேட்டான். நான் கட்டினது மச்சான் என்றேன். சிரித்தான். பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. அதில் என் மனைவியின் பழைய சேலைகள்தான் இருந்தன. அவன் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்திருக்க வேண்டும், மடிப்புக் கலையாமல், அவன் அப்படிப்பட்டவன். அதனால் நேரம் ஆனது. பிறகு சுவர் விழுந்தது.

நான் அவன் மேல் ஒரு விரல் வைக்கவில்லை. வைத்திருந்தாலும் ரேகை விழுந்திருக்காது, அது வேறு விஷயம்.

அவன் உடனே சாகவில்லை. நெஞ்சு வரை செங்கல். வலது கை மட்டும் வெளியே. மச்சான், மச்சான் என்று கூப்பிட்டான். மண் சாந்துச் சுவர் பாளமாக விழாது, தனித்தனிக் கல்லாக உதிரும். அதை அள்ளிப் போட எனக்குக் கால் மணி நேரம் போதும். சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்தில் இடிபாடு அள்ளியவன் நான், அளவு தெரியும். அவன் மணிக்கட்டில் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு பத்துக்குக் கூப்பிட ஆரம்பித்தான். ஏழு ஐம்பதுக்கு நிறுத்தினான். அவனே ரிப்பேர் பார்த்த வாட்ச், நேரம் தவறியிருக்காது. அந்த நாற்பது நிமிஷமும் நான் வாசற்படியில் நின்று, உரச்சாக்கை ஆல்பத்துக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தேன். ஷீட் பறந்துவிட்டதால் சாரல் முன்னறை வரை அடித்தது. வெள்ளிக்கு ஈரம் ஆகாது.

நகல் அவன் கையில் இருந்தது. விரல்களைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பித்தளையைக்கூட நான் விளிம்பில் பிடித்தே எடுத்தேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். வாய்க்காலில் வெள்ளம் ஓடியது. போட்டுவிட்டேன்.

அன்று இந்த மாவட்டத்தில் எத்தனையோ சுவர் விழுந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு கிடந்தன. விழுந்த கல்லைப் பார்த்து யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து, ரோட்டில் விழுந்த மரங்களை வெட்டி வெட்டி வழி உண்டாக்கி, மறுநாள் சிதம்பரம் கொண்டுபோனோம். பாடையைத் தூக்கிய நாலு பேரில் நானும் ஒருவன் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி நான் செய்த ஒரே நல்ல காரியத்தைச் சொல்கிறேன். அதனால்தான் மாட்டினேன்.

குளிப்பாட்டி, நெற்றியில் காசு வைக்கிற நேரம். மலர்க்கொடியின் அண்ணன் ஒரு ரூபாயை நீட்டினான். அவள் வாங்கவில்லை. பாப்பா காசு எங்கே, அதைத்தான் வைக்க வேண்டும், அவர் கொண்டுபோனாரே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். யாருக்கும் தெரியவில்லை. என்னைப் பார்த்தாள். அசல் என் சட்டைப் பையில் இருந்தது. புயலுக்குப் பிறகு அதை வீட்டில் விட்டுவிட்டு வர மனமில்லை. எனக்கு மனம் இளகிவிட்டது, சார். கல்லுக்குள்ளிருந்து எடுத்தேன் தங்கச்சி என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

இளகியது பாதிதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். நெற்றிக்காசு தீக்குப் போகாது. சுடுகாட்டில் வேலை பார்க்கிற ஆண்டி அதை எடுத்துக்கொள்வான், அது அவன் பாத்தியதை. ஒரு குவார்ட்டர் வாங்கிக் கொடுத்தால் ஆண்டி எனக்குத் தந்துவிடுவான். போகிற வழியிலேயே கடை திறந்திருக்கிறதா என்று பார்த்து வைத்திருந்தேன். சாயங்காலத்துக்குள் காசு ஆல்பத்தில் இருக்கும். அவளுக்கும் ஆறுதல், எனக்கும் நஷ்டமில்லை.

அவள் அதை வாங்கினாள். பழக்கம்தானே. பக்கத்துத் தட்டிலிருந்து விபூதியை எடுத்துக் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தாள். வெள்ளையாக மின்னியது. அவள் அழுகை நின்றுவிட்டது. குட்டியின் காதுக்கு மேல் நகத்தை வைத்துத் தடவிப் பார்த்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"போன வருசமே ஓரத்துல மஞ்ச தெரிஞ்சுதுண்ணே. அவுருகிட்ட சொல்லல. நொடிஞ்சி பூடுவாருன்னு நானே சந்தனத்த பூசி மறச்சி வச்சேன்."

அவளுக்குத் தெரியாது என்று அவன் சொன்னான். அவனுக்குத் தெரியாது என்று அவள் இருந்திருக்கிறாள். ஒரு வீட்டில் இரண்டு பேர் ஒரே பொய்க்காசை ஒருவருக்கொருவர் மறைத்து வைத்திருந்தார்கள். வேறு யாரும் இந்த இடத்தில் சிரித்திருப்பார்கள். எனக்கு அவள் எங்கே விரல் வைக்கிறாள் என்பதில்தான் கவனம்.

அவள் அண்ணனிடமிருந்து அந்த ஒரு ரூபாயை வாங்கிப் புருஷன் நெற்றியில் வைத்தாள். பாப்பா காசைக் கையில் மூடிக்கொண்டாள். நாங்கள் தூக்கிக்கொண்டு போனோம். திரும்பி வந்தபோது வாசலில் உங்கள் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

நான் மறுக்கவில்லை என்பதை நீங்களே எழுதியிருப்பீர்கள். கொளஞ்சியப்பனைக் கொன்றது நான். காசுக்காக. அதுவும் எந்தக் காசு? பிளேடு கீறி, பால் குடித்து, ஐந்து வருஷம் விபூதியில் தேய்ந்த காசு. சென்னைக்காரரிடம் கொடுத்தால் வெறும் வெள்ளி எடைக்குத்தான் எடுப்பார். நல்ல காசு ஒன்றுக்காகக் கொன்றிருந்தால்கூட நான்கு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு விண்ணப்பம். சாட்சிப் பொருள் என்று அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அரக்கு வைத்ததைப் பார்த்தேன். ஒட்டும்போது உங்கள் ரைட்டர் விளிம்பில்தான் பிடித்திருந்தார், அதுவரை நிம்மதி. நேற்று மத்தியானம் மலர்க்கொடி வந்திருந்தாள். லாக்கப்பிலிருந்து எனக்குக் குரல் கேட்டது. காசைத் திருப்பிக் கேட்கவில்லை அவள். அந்த உறையை மட்டும் கொஞ்சம் பிரித்து வையுங்கள் என்று கேட்டாள். நீங்கள் பதில் சொல்லாமல் இருந்தீர்கள். உங்களுக்கும் மனம் இளகியிருக்கும். அப்படி இளகினால் என்ன ஆகும் என்பதற்கு நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

பிரித்துவிடாதீர்கள், சார். காற்றுப் பட்டால் வீணாகிவிடும்.